உப்புத் தண்ணீர்க் கணக்கு: பேரி முதல் வனாமி வரை

"ஏன் சார், இந்த இடத்துக்கு சால்ட் லேக் என்று பெயர்? உப்பும் இல்லை, ஏரியும் இல்லையே?" கல்கத்தாவுக்குப் புதிதாக மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கேட்கிற கேள்வி இது. போன மாதம் ஒரு நண்பர் கேட்டபோது இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளவும்.

நான் படித்தது பி.காம். மீனைப் பற்றிய படிப்பு எதுவும் கிடையாது. ஆனால் கடற்கரை மாவட்டங்களில் வேலை பார்க்கும் எந்த வங்கி அதிகாரியின் மேஜைக்கும் என்றாவது ஒருநாள் ஒரு இறால் பண்ணை ஃபைல் வந்தே தீரும். "இந்தத் தொழில் நிலைக்குமா?" என்ற கேள்வி எங்களுக்கு வேதாந்தம் இல்லை, கொடுத்த பணம் திரும்பி வருமா என்ற கேள்வி. அந்தக் கண்ணால் பார்த்த சரித்திரம் இது. விஞ்ஞானிகள் பிழை கண்டால் திருத்தவும்.

ஏரி இருந்த இடம்

கல்கத்தாவுக்குக் கிழக்கே பித்யாதரி என்று ஒரு நதி ஓடியது. கடல் ஓதம் ஏறும்போது அதன் வழியாக உப்புத் தண்ணீர் வந்து தாழ்வான நிலங்களில் பரவி நிற்கும். அதுதான் உப்பு ஏரி. ஓதத்தோடு மீன் குஞ்சும் இறால் குஞ்சும் தானாகவே வரும். கரை கட்டி, மதகு வைத்து, வந்ததை உள்ளே நிறுத்தி வளர்த்து, பிறகு பிடிப்பார்கள். இப்படி வரப்பு கட்டிய மீன் பண்ணைக்கு வங்காளியில் 'பேரி' என்று பெயர்.

பித்யாதரி கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்து போனது. 1928-ல் அரசாங்கமே அதைச் செத்த நதி என்று அறிவித்தது. உப்புத் தண்ணீர் வரத்து நின்றதும், அந்தப் பக்கத்து மீன்காரர்கள் நகரத்தின் சாக்கடை நீரைக் குளத்தில் விட்டு நன்னீர் மீன் வளர்க்கக் கற்றுக் கொண்டார்கள். கிழக்குக் கல்கத்தா ஈரநிலம் என்று 2002-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது அதுதான். ஏரியின் வடபகுதியை 1960-களில் ஹூக்ளி வண்டலால் நிரப்பி நகரம் ஆக்கினார்கள். நாம் ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கும் சால்ட் லேக் அதுவே!

உவர்நீர் பேரிகள் சாகவில்லை. கிழக்கேயும் தெற்கேயும், சுந்தரவனத்தின் ஓரமாக ஹாரோவா, மினாகான், சந்தேஷ்காலி பக்கம் இன்றும் இருக்கின்றன. நம் வீட்டில் வாங்கும் 'பாக்தா' (டைகர் இறால்), 'பேட்கி' (நம்மூர் கொடுவா), 'பார்ஷே' (மடவை வகை) எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து வருபவைதான். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை மட்டும் வாங்கித் திரும்பும் சைவக் குடும்பங்கள் இந்தப் பத்தியைத் தாண்டி விடலாம் :-)

பழைய ஏற்பாடு

உப்புத் தண்ணீரை நிலத்துக்குள் விட்டு மீன் வளர்ப்பது புதிய விஷயம் இல்லை. நம் நாட்டில் குறைந்தது மூன்று இடங்களில் நூற்றாண்டுக் கணக்கில் நடந்திருக்கிறது.

வங்காளத்தில் 'பாசா-பாந்தா' என்பார்கள். கோடையில் ஓதநீரை வயலுக்குள் விட்டு மீன் வளர்ப்பார்கள். மழைக்காலத்தில் மழை வந்து நிலத்திலிருக்கும் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். நதியிலும் உப்பு குறையும். அப்போது அதே நிலத்தில் உப்பைத் தாங்கும் நெல்.

கேரளத்தில் எர்ணாகுளம், திருச்சூர், ஆலப்புழைப் பக்கம் பொக்காளி வயல்கள். ஜூனில் மழை தொடங்கியதும் மேடு கூட்டி நெல் போடுவார்கள். அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுத்துவிட்டு, தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். நவம்பரிலிருந்து விஷு வரைக்கும், அதாவது ஏப்ரல் 14 வரைக்கும், 'செம்மீன் கெட்டு'. அழுகும் தாள் இறாலுக்குத் தீனி, இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். யூரியா செலவு பூஜ்யம்.

கோவாவில் கசான் நிலங்கள். பெரிய மண் கரை, மரக் கதவு வைத்த மதகு. உள்ளே நெல், மதகடியில் மீன். கரையைப் பராமரிப்பது ஊர்ப் பொதுச் சபையான காவ்ன்காரியின் பொறுப்பு. போர்ச்சுகீசியர் வந்த பிறகு அதற்குக் கொமுனிடாடே என்று பெயர் மாறியது.

மூன்று ஊர், மூன்று பாஷை. ஆனால் இந்த மூன்றுக்கும் பொதுவாக இரண்டு விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள்.

முதலாவது, உப்பு வந்தது, திரும்பிப் போனது. நிரந்தரமாக வந்து உட்காரவில்லை. மழைக்காலம்தான் அதற்குக் காலக்கெடு.

இரண்டாவது, மீனால் லாபம் பெறும் ஊரும், உப்பால் நஷ்டப்படக்கூடிய ஊரும் ஒன்றேதான். மதகைத் தப்பான நேரத்தில் திறந்தால் அவன் வயலும் கெடும், அவன் சொந்தக்காரன் வயலும் கெடும். சபையில் பதில் சொல்லியாக வேண்டும். வரவும் செலவும் ஒரே பேரேட்டில் இருந்தன.

(இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஜமீன்தாரும் குத்தகைக்காரரும் ஆட்டிவைத்த கதைகள் மூன்று இடத்திலும் உண்டு. நான் சொல்வது நிலத்தின் கணக்கு.)

விலை ஏறியது

1970-களில் ஜப்பானும் அமெரிக்காவும் இறாலுக்கு நல்ல விலை கொடுக்க ஆரம்பித்தன. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் 1972-ல் வந்தது. நம் சென்னையில் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1987-ல் தொடங்கியது. 1980-களின் கடைசியில் விசாகப்பட்டினத்திலும் கோபால்பூரிலும் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் வந்தன. உலக வங்கி 1992-ல் இறால், மீன் வளர்ப்புத் திட்டம் ஒன்றுக்குக் கடன் கொடுத்தது. நம் நாட்டு வங்கிகளும் கொடுத்தன. பெரிய கம்பெனிகள் இறங்கின. ஷேர் மார்க்கெட்டில் 'அக்வா' என்று பெயர் வைத்தாலே பங்கு விற்ற காலம் அது.

பொரிப்பகம் வரும்வரை குஞ்சுக்கு எங்கே போனார்கள்? சுந்தரவன ஆற்றோரங்களில் பெண்களும் குழந்தைகளும் இடுப்பளவு தண்ணீரில் வலையை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் தேடிய டைகர் இறால் குஞ்சுக்கு அங்கே பெயர் என்ன தெரியுமா? 'மீன்'! நம் சொல்லேதான். வலையில் விழும் நூற்றுக்கணக்கான குஞ்சுகளில் வேண்டியதைப் பொறுக்கிக் கொண்டு மற்றதைக் கரையில் கொட்டிவிடுவார்கள். நாளைக்கு ஆற்றில் பிடிபட வேண்டிய மீன்கள் அப்படிச் செத்தன. முதலை, சுறா பயம் வேறு. வயிற்றுப்பாட்டுக்காக இறங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நஷ்டம் எந்தப் பண்ணையின் கணக்கிலும் ஏறவில்லை.

புதிய பண்ணைகளில் பழைய ஏற்பாட்டின் இரண்டு அம்சங்களும் இல்லாமல் போயின. வருஷத்துக்கு இரண்டு பட்டம் இறால் எடுக்க வேண்டுமானால் உப்புத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். நெல்லுக்கு இடமே இல்லை. முதலாளி ஹைதராபாத்திலோ சென்னையிலோ இருப்பார். உப்பு ஊறும் கிணறு பக்கத்துக் குப்பத்தில் இருக்கும்.

கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளத்தில் போடும் தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்குதான் இறாலின் உடம்பில் சேர்கிறது. மீதி தண்ணீரிலும் அடிச் சேற்றிலும் தங்குகிறது. அறுவடை நாளில் அதெல்லாம் ஓடைக்குப் போகும். நெல்லூர் பக்கம் கண்டலேறு ஓடையில் இரண்டு கரையிலும் பண்ணைகள். எல்லோரும் அந்த ஓடையிலிருந்துதான் தண்ணீர் ஏற்றினார்கள், கழிவையும் அதிலேயே விட்டார்கள். ஒருவர் விட்ட கழிவு, அடுத்தவர் ஏற்றும் தண்ணீர்.

முடிவு என்ன ஆகும் என்று தைவான் ஏற்கெனவே காட்டியிருந்தது. 1987-ல் உச்சத்தில் இருந்த அந்த நாட்டின் இறால் உற்பத்தி 1988-ல் நோயால் சரிந்து விழுந்தது. நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கரையோர நிலமே தாழ்ந்தது. இங்கே யாரும் கவனிக்கவில்லை. 1994-95-ல் வெண்புள்ளி வைரஸ் நம் கிழக்குக் கரைக்கு வந்தது. ஓடு முழுக்க வெள்ளைப் புள்ளி தோன்றி, சில நாட்களுக்குள் குளம் காலி. பழைய ஆட்கள் அந்த வருஷத்து வராக்கடன் பட்டியலைப் பற்றி இன்றும் சொல்வார்கள்.

சிலிகா, நாகப்பட்டினம், டெல்லி

ஒடிசாவின் சிலிகா ஏரியில் மீனவர் சங்கங்கள் தலைமுறைகளாகக் குத்தகை எடுத்து மீன் பிடித்து வந்தன. 1991-ல் மாநில அரசின் புதிய குத்தகைக் கொள்கை ஏரியைப் 'பிடிக்கும் இடம்', 'வளர்க்கும் இடம்' என்று பிரித்தது. வளர்க்கும் இடத்துக்கு மீனவர் அல்லாதவர்களும் பணத்தோடு வந்தார்கள். டாட்டா குழுமத்தின் பெரிய இறால் பண்ணைத் திட்டமும் வந்தது. மாணவர்களும் மீனவர்களும் சேர்ந்து போராடினார்கள், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் வலையும் மூங்கிலும் வைத்து வளைத்த சட்டவிரோத 'கேரி'கள் பெருகின. 1999 மே 29 அன்று சோரானா கிராமத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் முன்பே ரத்தம் சிந்தியிருக்கிறது. வங்கதேசத்தின் குல்னா மாவட்டத்தில் 22-ஆம் எண் போல்டரில் (கரை கட்டிய தீவு நிலம்) இறால் பண்ணைக்காக ஆட்கள் வந்தபோது ஊர்வலத்தின் முன்னால் நின்ற கருணாமயி சர்தார் என்ற பெண் 1990 நவம்பர் 7 அன்று கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அந்தத் தீவுக்காரர்கள் இறாலை உள்ளே விடவில்லை. சுற்றிலும் உப்புக் குளங்களாக இருக்க, அது நெல் விளையும் நிலமாக நின்றது.

இனி நம்மூர். நாகப்பட்டினம் பகுதியில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில், நிலம் வாங்கிக் கொடுத்துக் கொண்டிருந்தவர்கள் சர்வோதயத் தம்பதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். அந்த வயல்களுக்குப் பக்கத்திலேயே 1990-களில் இறால் பண்ணைகள் வந்தன. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் கூட்டமாக ஆள் வேண்டிய இடத்தில், காவலுக்கும் தீவனம் போடவும் நாலைந்து பேர் போதும் என்றானது. குடிதண்ணீர் உப்பானது. ஜெகந்நாதன் சத்தியாகிரகம் இருந்தார். கடைசியில் உச்ச நீதிமன்றம் போனார்.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது தீர்ப்பளித்தார்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும். சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் கூடாது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் எதையும் இறால் குளமாக்கக் கூடாது. கெடுத்தவர் நஷ்டஈடு தர வேண்டும். நாக்பூரின் நீரி நிறுவனம் கோர்ட்டுக்குக் கொடுத்த அறிக்கை, ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் இறாலால் வந்த வருமானத்தைவிடச் சுற்றுச்சூழலுக்கும் மக்களுக்கும் ஏற்பட்ட நஷ்டம் அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. பி.காம். படித்தவன் மனசில் நிற்கிற பகுதி அதுதான். வருஷக்கணக்கில் ஒருவரும் எழுதாத செலவுப் பக்கத்தை ஒருவர் எழுதினார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாரம்பரிய முறைக்கும், அதைச் சற்றே மேம்படுத்திய முறைக்கும் தீர்ப்பு விலக்குத் தந்தது. உப்புத் தண்ணீரில் மீன் வளர்ப்பதே தப்பு என்று கோர்ட் சொல்லவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு

புல்டோசர் வரவில்லை. மறுஆய்வு மனு, தடை, இடைக்கால ஆணையம் என்று வருஷங்கள் போயின. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடையிலிருந்து இந்தத் தொழிலுக்கு விலக்குக் கிடைத்தது. பதிலுக்குப் பதிவு கட்டாயம், ஓத எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் புதுப் பண்ணை கூடாது, பெரிய பண்ணைகளுக்குக் கழிவுநீர்க் குளம் என்று விதிகள். ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான். 2023-ல் ஒரு திருத்தம் வந்து, சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதம் என்று ஆக்கியது.

இதற்கிடையே இறாலே மாறிவிட்டது. 2009 முதல் டைகர் போய், பசிபிக் கரையிலிருந்து வந்த வனாமி. நோயற்ற தாய் இறாலை இறக்குமதி செய்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திப் பரிசோதித்து, பிறகு பொரிப்பகங்களுக்கு அனுப்புகிறார்கள். ஆற்றில் குஞ்சு பொறுக்கும் தேவை குறைந்தது. இது பெரிய நன்மை, மறைக்கக் கூடாது. ஏற்றுமதி எங்கேயோ போய்விட்டது. 2023-24-ல் மட்டும் 7,16,004 டன் உறையவைத்த இறால் வெளிநாடு போனது.

ஆனால் குளத்துக்காரரின் நிலை? வனாமிக்கும் நோய் வந்தது. இ.எச்.பி. என்று ஒரு நுண்ணுயிரி. வெண்புள்ளி மாதிரி உடனே கொல்லாது. இறால் தின்று கொண்டே இருக்கும், வளராது. வங்கிக்காரனைக் கேட்டால் இது அதைவிட மோசம் என்பேன். குளம் செத்தால் நஷ்டம் அன்றோடு நிற்கும். வளராத குளத்துக்குத் தீவனக் கடை பாக்கி தினமும் ஏறும். சிறு விவசாயிகளில் பலர் வங்கிக்கு வருவதே இல்லை, தீவன டீலரிடமே கடன், அவர் சொல்லும் ஆளுக்கே விற்பனை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதியாளர் விலையைக் குறைத்தார், கடைசியில் அடி வாங்கியது குளத்துக்காரர்தான்.

வங்காளத்தில் உப்பு இன்னொரு வழியாகவும் வந்தது. 2009 மே 25-ல் அய்லா புயல் கரைகளை உடைத்துக்கொண்டு வயலில் கடலைக் கொட்டியது. 2020-ல் அம்பான், 2021-ல் யாஸ். நெல் போட முடியாமல் போன நிலத்தைப் பேரிக்குக் குத்தகை விட்டவர்கள் உண்டு. விரும்பாதவர்களும் உண்டு. ஆனால் நாலு பக்கமும் உப்புத் தண்ணீர் நின்றால் நடுவில் இருக்கும் வயல் எத்தனை நாள் தாங்கும்? 2024 பிப்ரவரியில் சந்தேஷ்காலிப் பெண்கள் தெருவில் இறங்கியது டிவியில் பார்த்திருப்பீர்கள். கொடுமைகள் பலவற்றைச் சொன்னார்கள். அதில் ஒன்று, விளைநிலத்தில் வலுக்கட்டாயமாக உப்புத் தண்ணீரை விட்டுப் பேரியாக்கினார்கள், குத்தகைப் பணமும் தரவில்லை என்பது. 2024 ஏப்ரலில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அரசியல் சண்டையில் எல்லோரும் மறந்தது இந்த உப்பு விஷயத்தைத்தான்.

அப்படியானால் எப்படி எடை போடுவது?

ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட்டில் தீவனச் செலவு, கரண்ட் பில், கிலோ விலை, திருப்பிச் செலுத்தும் திறன் எல்லாம் அழகாக இருக்கும். நாலாவது வருஷத்திலிருந்து லாபம் ஏணிப்படி மாதிரி ஏறும். நான் அதோடு இந்த ஐந்தையும் சேர்த்துக் கேட்பேன்.

1. உப்பு திரும்பிப் போக வழி உண்டா? பத்து வருஷம் கழித்துக் குளத்தை மூடினால் அந்த மண்ணில் எதாவது விளையுமா? விளையாது என்றால் நிலத்துக்கும் தேய்மானம் போட வேண்டும்.

2. பக்கத்து வயல், பக்கத்துக் கிணறு யாருடையது? அவருக்கு இந்தப் பண்ணையில் பங்கு உண்டா, வெறும் நஷ்டம் மட்டும்தானா?

3. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? இரண்டும் ஒரே ஓடை என்றால் அங்கே ஏற்கெனவே எத்தனை பம்பு ஓடுகிறது? ஒரு பண்ணைக்குச் சரியாக இருப்பது நூறு பண்ணைக்குச் சரியாக இருக்காது. ஃபைல் தனித்தனியாக வருவதால் இது மேஜையில் தெரியாது.

4. தீனி எங்கிருந்து? கொடுவா மீனைத் தின்று வளரும். வனாமித் தீவனத்திலும் கடல்மீன் தூள் உண்டு. மடவையும் பால்கெண்டையும் பாசியை மேய்ந்தே பெரும்பாலும் வளரும். நம் சென்னை ஆராய்ச்சி நிலையம் 1997-ல் கொடுவாவையும் பிறகு பால்கெண்டையையும் பொரிக்க வைத்திருக்கிறது. ஆக இறாலை விட்டால் வேறு வழியில்லை என்பது உண்மை இல்லை. லாபம் குறைவு என்பது உண்மை.

5. அந்த நிலம் 'காலி'யாக இருந்ததா? உவர்நீர் வளர்ப்புக்கு ஏற்ற நிலம் நாட்டில் ஏறக்குறைய 12 லட்சம் ஹெக்டேர் என்று அரசு ஆவணங்கள் சொல்லும். அதில் மாடு மேய்கிற இடம், வலை காயப்போடும் இடம், கரைக்குப் போகும் வழி எவ்வளவு? பட்டா இல்லாத நிலத்தை எல்லாம் காலி நிலம் என்று எழுதுவது பழைய வழக்கம்.

இந்த ஐந்திலும் தேறும் பண்ணைகள் இருக்கின்றன. மழையில் நெல், கோடையில் மீன் என்று இருக்கும் பேரியும் பொக்காளியும் தேறும். ஆனால் பொக்காளியில் இன்று நெல்லுக்கு ஆள் கிடைக்காமலும் இறால் லாபத்தாலும் நெல் பட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் 'ஒரு நெல், ஒரு மீன்' என்ற கொள்கை வைத்தார்கள். ஹரியானா, பஞ்சாபில் ஏற்கெனவே உப்புப் பூத்துப் பயிர் விளையாத நிலத்தில் வனாமி வளர்க்கிறார்கள். முதல் கேள்வியில் அவர்களுக்கு மார்க் அதிகம், மூன்றாவதில் யோசிக்க வேண்டும். கடல் பக்கத்தில் இல்லை, வடிகால் எங்கே?

ஆக, இந்தத் தொழில் நிலைக்குமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. உப்பை உள்ளே விடுகிறவர் அதை வெளியேற்றும் செலவையும் தன் பேரேட்டில் எழுதிக் கொண்டால் நிலைக்கும். பேரியும் பொக்காளியும் கசானும் அத்தனை காலம் நின்றதற்குக் காரணம் அதுதான். கண்டலேறு சில வருஷங்களிலேயே விழுந்ததற்குக் காரணமும் அதுதான். செலவை அடுத்தவர் கிணற்றில் எழுதினால் ஏற்றுமதி எத்தனை டன் ஆனாலும் அது லாபம் இல்லை. வட்டியில்லாத கைமாற்று. கொடுத்தவரிடம் யாரும் கையெழுத்துக்கூட வாங்கவில்லை.

விசாகப்பட்டினம், நெல்லூர், கொச்சி, கோவா, சூரத் பக்கம் இருக்கும் நம்மவர்கள் உங்கள் பக்கத்து நிலவரத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். குறிப்பாக, குளத்தை மூடிய பிறகு மறுபடி நெல் போட்டு வெற்றி கண்டவர்கள் யாராவது உண்டா, எத்தனை மழை பிடித்தது என்று தெரிந்தால் அவசியம் சொல்லவும். என் கணக்கில் நிரப்பாமல் இருக்கும் கட்டம் அதுதான்.